பல தொழில், ஒரே தலைமையகம்: பல்துறை நிறுவனத்தின் உத்தியை வகுப்பில் அலசுவது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்பிஏ, பிபிஏ, எம்.காம் வகுப்புகளில் உத்திப் பாடம் எடுப்பவர்களுக்கான பக்கம் இது. எடுத்துக்காட்டு பெரும்பாலும் சிகரெட்டிலிருந்து சன்ஃபீஸ்ட் பிஸ்கட் வரை விற்கும் ஐடிசி. ஐடிசி பற்றிய எண்கள் 2022–23 நிதியாண்டின் தனித்த (துணை நிறுவனங்களைச் சேர்க்காத) கணக்கிலிருந்து தோராயமாக்கித் தரப்பட்டவை. ஹோட்டல் தொழில் அப்போது உள்ளேதான் இருந்தது. 'மாதிரி' என்று குறிப்பிட்ட கணக்குகள் பயிற்சிக்காகப் போட்டவை.

பிசினஸ் உத்தி ஏற்கனவே நடத்தியாயிற்று. கார்ப்பரேட் உத்தி என்று தனியாக எதற்கு?

கேள்வியே வேறு என்பதால். சன்ஃபீஸ்ட் பிஸ்கட் சந்தையில் எப்படி ஜெயிக்கும் என்பது பிசினஸ் கேள்வி. சிகரெட் விற்கிற கம்பெனி பிஸ்கட் ஏன் சுட வேண்டும், அது சுடுவதால் ஒரு தனி பிஸ்கட் கம்பெனிக்குக் கிடைக்காத எது கிடைக்கிறது என்பது கார்ப்பரேட் கேள்வி. சிகரெட் பங்கும் பிஸ்கட் பங்கும் வேண்டும் என்கிற முதலீட்டாளர் தரகுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு இரண்டையும் தானே வாங்கிக்கொள்வார். 'ரிஸ்க்கைப் பரவலாக்க' அவருக்குத் தலைமையகம் தேவையில்லை. தலைமையகம் தன் செலவுக்குமேல் எதையாவது சேர்த்துக் கொடுத்தாக வேண்டும்.

மாணவர்கள் பத்தே நிமிடத்தில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு ஸ்வாட் (பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல்) அட்டவணை போட்டுக்கொண்டு பழைய பாடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். தடுக்க எளிய வழி ஒன்று உண்டு. அவர்கள் எழுதிய வாக்கியத்தைக் காட்டி, 'இந்த நிறுவனத்திடம் இந்த ஒரு தொழில் மட்டும் இருந்தாலும் இது உண்மைதானே?' என்று கேளுங்கள். ஆம் என்றால் அந்த வாக்கியத்தை அடித்துவிடச் சொல்லுங்கள். முதல் முறை அறிக்கையில் பாதி காணாமல் போய்விடும்.

எந்த நிறுவனத்தை எடுக்கலாம்?

ஒரே சட்ட நிறுவனத்துக்குள் நான்கைந்து தொழில்கள் இருக்க வேண்டும். பிரிவுவாரிக் கணக்கு, அதாவது ஒவ்வொரு தொழிலின் வருவாயையும் லாபத்தையும் சொத்தையும் தனித்தனியாகக் காட்டும் கணக்கு, வெளியிட வேண்டும். குறைந்தது ஒரு தொழிலுக்குள் நுழைந்த, ஒன்றிலிருந்து வெளியேறிய வரலாறும் வேண்டும். ஐடிசியில் இவை மூன்றும் இருக்கின்றன. 1910-இல் கொல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனியாகத் தொடங்கியது. 1975-இல் சென்னையில் ஒரு ஹோட்டலை வாங்கி அந்தத் தொழிலுக்குள் வந்தது. சோழா என்ற பெயர் அப்போது வந்ததுதான். 1979-இல் காகித அட்டை, 2000-இல் விவசாயிகளிடம் நேரடியாகக் கொள்முதல் செய்யும் இ-சௌபால், 2002-இல் ஆசீர்வாத் ஆட்டா, 2003-இல் சன்ஃபீஸ்ட் என்று வரிசை போகிறது.

லார்சன் அண்ட் டூப்ரோவும் நல்ல தேர்வு. வெளியேறுவதைப் பாடமாக நடத்த அதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கடினம். 2004-இல் சிமென்ட்டைக் கைமாற்றியது. 2020-இல் நல்ல லாபத்தில் ஓடிக்கொண்டிருந்த மின்சாதனப் பிரிவை பிரான்ஸின் ஷ்னைடர் நிறுவனத்துக்கு 14,000 கோடி ரூபாய்க்கு விற்றது. லாபம் தரும் தொழிலை ஒருவர் ஏன் விற்க வேண்டும் என்று கேட்டால் வகுப்பு விழித்துக்கொள்ளும்.

முருகப்பா, டாடா போன்ற குழுமங்களைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் இரண்டாவது அசைன்மென்டாக. அங்கே பெரிய தொழில்கள் பெரும்பாலும் தனித்தனியாகப் பட்டியலிடப்பட்ட கம்பெனிகள். குழுமம் முழுவதற்குமான ஒரே ஆண்டறிக்கை கிடையாது. 'தலைமையகம்' எங்கே இருக்கிறது என்பதையே முதலில் தேட வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த பொறி இஐடி பாரி. பெயரைக் கேட்டதும் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைதான் நினைவுக்கு வரும். ஆனால் கோரமண்டல் இன்டர்நேஷனல் அதன் துணை நிறுவனம் என்பதால், துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கைத் திறந்தால் வருவாயில் பெரும்பகுதி உரத்திலிருந்து வந்திருக்கும். தனித்த கணக்கைப் பார்த்த மாணவரும் ஒருங்கிணைந்த கணக்கைப் பார்த்த மாணவரும் இரண்டு வெவ்வேறு கம்பெனிகளைப் பற்றி எழுதிக்கொண்டு வருவார்கள். எந்தக் கணக்கு என்பதை அறிக்கையின் முதல் வரியிலேயே சொல்ல வைத்துவிடுங்கள்.

எதைப் படிக்கக் கொடுப்பது?

ஆண்டறிக்கை முழுவதையும் கொடுக்காதீர்கள். நானூறு பக்க ஆண்டறிக்கையில் மாணவர் படிப்பது தலைவர் உரையை மட்டும்தான். அது விளம்பரம். நிதிநிலைக் குறிப்புகளில் உள்ள பிரிவுவாரிக் கணக்கு, ஐந்து ஆண்டுகளுக்கு. நிர்வாகத்தின் விவாதப் பகுதி, ஓர் ஆண்டுக்கு. பிரிப்போ கையகப்படுத்தலோ நடந்திருந்தால் அதற்காகப் பங்குச் சந்தைக்குக் கொடுத்த அறிவிப்பு. மொத்தம் நாற்பது பக்கம் போதும்.

பிரிவுவாரிக் கணக்கை எப்படிப் படிக்க வைப்பது?

இதற்கு முழுதாக ஒரு வகுப்பு ஒதுக்குங்கள். பாடத்தின் உயிர் இங்கேதான். எண்களைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். பிரிவு வருவாய் கோடி ரூபாயில், சுமாராக: சிகரெட் 28,200, உணவு, நோட்டுப் புத்தகம் போன்ற பிற நுகர்பொருட்கள் 19,100, ஹோட்டல் 2,600, வேளாண் வணிகம் 18,200, காகித அட்டையும் பேக்கேஜிங்கும் 9,100. பிரிவு லாபம் அதே வரிசையில்: 17,900, 1,400, 540, 1,330, 2,290.

முதலில் வருவாயைக் கூட்டச் சொல்லுங்கள். 77,200 வரும். கம்பெனி காட்டும் மொத்த வருவாயோ சுமார் 69,500 கோடி. மிச்சம் 7,700 கோடி எங்கே போயிற்று? ஒரு பிரிவு இன்னொரு பிரிவுக்கு விற்றது அது. வேளாண் பிரிவு சிகரெட்டுக்குப் புகையிலை இலையும் ஆட்டாவுக்குக் கோதுமையும் கொடுக்கிறது. காகிதப் பிரிவு அட்டை கொடுக்கிறது. பெரும்பாலானவர்கள் இதைக் கணக்குப் பிழை என்று நினைத்துத் தள்ளிவிடுவார்கள். உண்மையில் 'இந்தத் தொழில்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன' என்பதற்கு எண்ணில் கிடைக்கும் ஒரே நேரடிச் சான்று அதுதான். ஹோட்டலுக்கு இந்த வரியில் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள், கண்டுகொள்ள முடியாத அளவுக்குச் சின்னது.

அடுத்தது லாப விகிதம். சிகரெட் 63 சதவீதம், காகிதம் 25, ஹோட்டல் 21, நுகர்பொருளும் வேளாண்மையும் 7 சொச்சம். 'ஆக, பிஸ்கட்டைவிட ஹோட்டல் மேல்' என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அவரைச் சொல்ல விட்டு, இந்த மாதிரிக் கணக்கைப் போடுங்கள். ஹோட்டல்: வருவாய் 100, லாபம் 21, போட்ட மூலதனம் 250. பொட்டல உணவு: வருவாய் 100, லாபம் 7, மூலதனம் 35. மூலதன வருமானம் ஹோட்டலுக்கு 8.4 சதவீதம், உணவுக்கு 20. நிலம், கட்டடம், கட்டி முடிக்க ஆகும் நான்கைந்து ஆண்டு எல்லாம் லாப விகிதத்தில் தெரியாது. பிரிவுச் சொத்திலிருந்து பிரிவுக் கடன்பொறுப்பைக் கழித்தால் மூலதனம் கிடைக்கும். இரண்டும் அதே குறிப்பிலேயே இருக்கின்றன. ஐந்து ஆண்டுக்கும் இந்த ஒரு விகிதத்தைப் போட்டு வருவதுதான் வீட்டுப்பாடம்.

இந்த அட்டவணையில் வேறு என்ன தவறு வரும்?

சிகரெட்டின் மொத்த வருவாய்க்குள் கலால் வரி ஒளிந்திருக்கும். அது அரசுக்குப் போகும் பணம், செலவாகக் கீழே கழிக்கப்படுகிறது. அப்படியே ஒப்பிட்டால் சிகரெட்டின் பங்கு ஊதித் தெரியும்.

எந்தப் பிரிவுக்கும் ஒதுக்காத செலவு என்று ஒரு வரி வரும். கண்ணில் பட்டாலும் யாரும் நிற்க மாட்டார்கள். தலைமையகத்தின் செலவு பெரும்பாலும் அங்கேதான் கிடக்கிறது. தலைமையகம் என்ன செய்கிறது என்று கேட்கும் பாடத்தில் அதன் விலைச்சீட்டைப் பார்க்காமல் போகலாமா?

பிரிவுகளின் எல்லை மாறும். இந்தியக் கணக்கியல் தரம் 108-இன்படி, நிர்வாகம் உள்ளே எப்படிப் பிரித்துப் பார்க்கிறதோ அப்படித்தான் வெளியே காட்ட வேண்டும்; வருவாய், லாபம், சொத்து ஏதாவது ஒன்றில் 10 சதவீதத்தை எட்டும் பிரிவைத் தனியாகக் காட்டியாக வேண்டும். நிர்வாகம் உள்ளே மாற்றி அடுக்கினால் பழைய ஆண்டு எண்களும் திருத்தி எழுதப்படும். ஆகவே ஐந்தாண்டுத் தொடரைப் புதிய அறிக்கையிலிருந்து பின்னோக்கி எடுக்கச் சொல்லுங்கள். அந்தந்த ஆண்டு அறிக்கையிலிருந்து எடுத்து ஒட்டினால் நடுவில் எங்காவது காரணமே தெரியாமல் ஒரு பள்ளம் விழும்.

தொடர்புள்ள பன்முகமாக்கலா, தொடர்பற்றதா? எந்தப் பெட்டியில் போடுவது?

வழக்கமான அளவுகோல் உத்திப் பேராசிரியர் ரிச்சர்ட் ரூமெல்ட் வகுத்தது. மிகப்பெரிய தொழிலின் பங்கு வருவாயில் 95 சதவீதத்துக்கு மேல் என்றால் ஒற்றைத் தொழில். 70 முதல் 95 என்றால் ஒரு தொழில் ஆதிக்கம். 70-க்குக் கீழே உண்மையான பன்முகம். ஐடிசியில் வருவாய்ப்படி சிகரெட் 37 சதவீதம்கூட இல்லை, பிரமாதமான பன்முக நிறுவனம். லாபப்படி 76 சதவீதம், சிகரெட் கம்பெனி. எந்த எண்ணை நிறுவனம் முன்னால் வைக்கும், எதைப் பங்குத் தரகர் முன்னால் வைப்பார் என்று கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். பெட்டியின் பெயருக்காக அரைமணி நேரம் சண்டை போடத் தேவையில்லை.

'சினெர்ஜி' என்ற சொல்லை எப்படிக் கையாள்வது?

தொழில்கள் ஒன்றாக இருப்பதால் வரும் கூடுதல் பலன் என்பது அதன் பொருள். முதல் வரைவில் தடை செய்துவிடலாம். அந்தச் சொல்லை எழுதத் தோன்றும் இடத்தில் மூன்று விஷயங்களை எழுத வேண்டும்: எந்தப் பொருள் அல்லது திறமை எங்கிருந்து எங்கே போகிறது; அதனால் எந்தச் செலவு குறைகிறது அல்லது எந்த விலை கூடுகிறது; அதையே வெளியாளிடம் ஒப்பந்தம் போட்டு வாங்க முடியாதா? மூன்றாவதில்தான் எல்லாரும் தடுக்கி விழுவார்கள். அட்டைப் பெட்டியைச் சந்தையில் யாரிடமும் வாங்கலாமே, அதற்கு ஆலையை ஏன் வைத்திருக்க வேண்டும்?

இதைக் கையில் பிடித்துக் காட்ட முடியும். வகுப்புக்கு நான்கு பொருள் வாங்கி வாருங்கள்: ஐந்து கிலோ ஆசீர்வாத் ஆட்டா, ஒரு பிங்கோ பாக்கெட், ஒரு கிளாஸ்மேட் நோட்டு, ஒரு மங்கள்தீப் ஊதுவத்தி. பின்பக்கம் திருப்பி யார் தயாரித்தது, யார் சந்தைப்படுத்துவது என்று படிக்கச் சொல்லுங்கள். ஊதுவத்தியை உருட்டுவது சிறு கூடங்கள். நோட்டில் தாள் ஐடிசியுடையது, தைத்து அட்டை போடுவது பெரும்பாலும் வெளியாட்கள். தொழிற்சாலையை நினைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு, இவற்றில் சிலவற்றுக்குக் கம்பெனி வைத்திருப்பது பிராண்டும் விற்பனை வழியும் தாளும்தான் என்பது அங்கேயே புரியும்.

பிறகு கேளுங்கள்: இவற்றில் எது பெட்டிக்கடையில் விற்கும்? 'சிகரெட்டுக்காகக் கட்டிய விநியோக வலையில் மற்றதெல்லாம் போகிறது' என்பது ஐடிசி பற்றி எல்லாரும் ஒப்பிக்கும் வரி. பிங்கோ சரமாகத் தொங்கும், ஊதுவத்தி இருக்கும், தீப்பெட்டி இருக்கும். ஐந்து கிலோ மாவு மூட்டையை எந்தப் பெட்டிக்கடையில் வைப்பார்கள்? அதற்கு மளிகைக்கடையும் சூப்பர்மார்க்கெட்டும் வேண்டும்; அங்கே சிகரெட் வலை தரும் உதவி குறைவு. ஆட்டாவுக்கு உதவுவது வேறு இடம், அதாவது கோதுமையை ரகம் பார்த்து, தரம் பிரித்து வாங்கும் வேளாண் பிரிவு. ஒரே நிறுவனம், நான்கு பொருள், நான்குக்கும் வெவ்வேறு உறவு. இந்த அளவு துல்லியமாக எழுதும் மாணவருக்கு 'சினெர்ஜி' என்ற சொல்லைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பிசிஜி கட்டம் போட வைக்கலாமா?

சந்தை வளர்ச்சியையும் ஒப்பீட்டுச் சந்தைப் பங்கையும் வைத்துத் தொழில்களை நட்சத்திரம், கறவை மாடு, கேள்விக்குறி, நாய் என்று நான்காகப் பிரிக்கும் கட்டம் அது. போடட்டும், ஒரு பக்கத்துக்குள். அதை முடிவாக எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல். கிடைமட்ட அச்சு சந்தைப் பங்கு அல்ல, ஒப்பீட்டுச் சந்தைப் பங்கு: நம் பங்கை மிகப்பெரிய போட்டியாளரின் பங்கால் வகுத்தது. இதை எட்டுப் பேரில் ஐந்து பேர் தவறாகவே போடுவார்கள். சந்தையை எப்படி வரையறுக்கிறோம் என்பதற்கேற்பப் புள்ளி தாவும்: கிளாஸ்மேட்டை 'பிராண்டட் நோட்டு' என்றால் நட்சத்திரம், 'எல்லா எழுதுபொருளும்' என்றால் கேள்விக்குறி. இன்னும் பெரிய குறை, கட்டம் ஒவ்வொரு தொழிலையும் தனித்தீவாகப் பார்க்கிறது. 'நாய்' என்று முத்திரை குத்தி விற்கச் சொல்லும் பிரிவு, இன்னொரு பிரிவுக்கு மூலப்பொருள் கொடுத்துக்கொண்டிருக்கலாம். முன்பு கண்டுபிடித்த அந்த 7,700 கோடி இந்தக் கட்டத்தில் எங்கேயும் தெரியாது.

ஒரு புதிய தொழிலில் இறங்கியது சரியா என்று எதை வைத்துத் தீர்மானிப்பது?

உத்தி அறிஞர் மைக்கேல் போர்ட்டர் 1987-இல் வைத்த மூன்று சோதனைகள் இளநிலை மாணவருக்கும் புரியும். அந்தத் தொழில் லாபம் தரும் அமைப்புடையதா. உள்ளே நுழையக் கொடுத்த விலை வரப்போகும் லாபத்தை எல்லாம் தின்றுவிடுமா. சேர்ந்த பிறகு புதிய தொழிலோ பழைய நிறுவனமோ ஒன்றாவது முன்னைவிட மேலாகிறதா. முதுநிலையில் நான்காவதாக ஒன்றைச் சேருங்கள்: இந்தத் தொழிலுக்கு இவர்களைவிட நல்ல உரிமையாளர் யாராவது உண்டா?

இங்கே 'கல்லறைப் பட்டியல்' ஒன்று தயாரிக்கச் சொல்வது பலன் தரும். இன்றைய ஆண்டறிக்கையில் பிழைத்த தொழில்கள்தான் இருக்கும். ஐடிசி நிதி நிறுவனம் நடத்தியது, சமையல் எண்ணெய் விற்றது. இரண்டும் 1990-களின் இறுதியில் கைமாறின. 2000-இல் தொடங்கிய ஆயத்த ஆடைத் தொழிலிலிருந்தும் விலகியது, ஜான் பிளேயர்ஸ் பிராண்ட் 2019-இல் ரிலையன்ஸுக்குப் போனது. செத்தவற்றையும் பிழைத்தவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வடிவம் தெரியும். வேளாண் கொள்முதலும் சின்னக் கடையும் உதவிய இடத்தில் தொழில் நின்றது. பணம் மட்டுமே உதவிய இடத்தில்? விவாதிக்கட்டும். (சமையல் எண்ணெய் இந்த வடிவத்துக்கு ஒத்துவராது. அதைக் கவனிக்கும் மாணவரை விட்டுவிடாதீர்கள்.)

ஹோட்டல் பிரிப்பை எப்படி நடத்துவது?

விவரம் சுருக்கமாக: 2023 ஜூலையில் இயக்குநர் குழு கொள்கையளவில் ஒப்புக்கொண்டது, 2025 ஜனவரி 1-இல் பிரிப்பு நடைமுறைக்கு வந்தது, அதே மாதம் 29-இல் ஐடிசி ஹோட்டல்ஸ் தனியாகச் சந்தையில் பட்டியலானது. பத்து ஐடிசி பங்குக்கு ஒரு ஹோட்டல் பங்கு. புதிய கம்பெனியில் 60 சதவீதம் நேராகப் பங்குதாரர்களுக்குப் போக, 40 சதவீதத்தை ஐடிசி வைத்துக்கொண்டது.

தேதியைச் சொல்லிவிட்டு வகுப்பை மூன்றாகப் பிரியுங்கள்: இயக்குநர் குழு, 'முழுதும் கொடுத்துவிடு' என்னும் பங்குதாரர், 'பிரிக்கவே வேண்டாம்' என்னும் ஹோட்டல் நிர்வாகி. ஒவ்வொரு அணியும் அந்த 40 என்ற எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும். தொழில் நமக்குப் பொருந்தாது என்றால் 40 எதற்கு? பொருந்தும் என்றால் 60 ஏன் போகிறது? பிராண்டைப் பயன்படுத்தும் உரிமை, புதிய கம்பெனிக்கு வேண்டிய நம்பகத்தன்மை, உணவுத் தொழிலுக்கு ஹோட்டல் சமையலறை தந்த அறிவு என்று காரணங்கள் வரும். வந்தவுடன் பழைய கேள்வியைப் போடுங்கள்: அதை ஒப்பந்தத்தில் வாங்க முடியாதா? விவாதம் முப்பது நிமிடத்தைத் தாண்டினால் திரும்பத் திரும்ப ஒன்றே வரும், நிறுத்திவிடலாம்.

பகுதிகளைக் கூட்டி மதிப்பிடுவது கட்டாயமா?

ஒவ்வொரு தொழிலுக்கும் தனியாக விலை போட்டுக் கூட்டி, நிறுவனத்தின் சந்தை மதிப்போடு ஒப்பிடுவது இது. நிதிப் பாடம் முடித்தவர்களுக்குக் கட்டாயம். மாதிரி: முதல் தொழிலின் வரிக்குப் பிந்தைய லாபம் 900 கோடி, ஒத்த கம்பெனிகள் 20 மடங்கில் விற்கின்றன, 18,000. இரண்டாவது இன்னும் லாபம் சரியாகத் தராதது, விற்பனை 4,000, இரண்டரை மடங்கில் 10,000. மூன்றாவதற்கு 2,000. கையில் ரொக்கம் 1,000. கூட்டினால் 31,000. சந்தை மதிப்பு 24,000. 'தள்ளுபடி 7,000 கோடி, 23 சதவீதம்' என்று முடித்துவிடுவார்கள். தலைமையகச் செலவு ஆண்டுக்கு 150 கோடி. அதை 12 மடங்கில் எடுத்தால் 1,800 கழிய வேண்டும். மதிப்பு 29,200, தள்ளுபடி 18 சதவீதம். மிச்சமுள்ள 18-க்குத்தான் காரணம் தேட வேண்டும்: லாபத் தொழிலின் பணம் எங்கே போகும் என்ற சந்தேகமா, ஒப்பிட எடுத்த கம்பெனிகளே பொருந்தாதவையா? இரண்டாவது காரணமாக இருப்பதற்கான வாய்ப்பு மாணவர்கள் நினைப்பதைவிட அதிகம். மடங்குகளைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், தள்ளுபடியே மறைந்துவிடலாம்.

பணம் எங்கே போகும் என்பதற்கு ஐடிசி 2020-இல் கொடுத்த பதில், லாபத்தில் 80 முதல் 85 சதவீதத்தை ஈவுத்தொகையாகத் தருவது என்ற கொள்கை. அதையும் உத்தி முடிவாகவே வாசிக்க வேண்டும்.

எத்தனை வகுப்பு?

எழுபத்தைந்து நிமிட வகுப்பு ஐந்து. அட்டவணைக்கு ஒன்று, நான்கு பொருள் பயிற்சிக்கு ஒன்று, நுழைவு–வெளியேற்றத்துக்கு ஒன்று, ஹோட்டல் விவாதமும் மதிப்பீடும் ஒன்று, அறிக்கை வாசிப்பு ஒன்று. நான்குதான் கிடைக்கும் என்றால் மதிப்பீட்டை விடுங்கள், அட்டவணையை விடாதீர்கள்.

சிகரெட் கம்பெனியைப் படிக்க மாட்டேன் என்று மாணவர் சொன்னால்?

நியாயம்தான். லார்சன் அண்ட் டூப்ரோவைக் கொடுங்கள், அளவுகோல் அதேதான்.

மதிப்பெண் எப்படிப் பிரிப்பது?

நூற்றுக்கு: கணக்கு 25, தொழில்களுக்கு இடையேயான உறவு 35, தலைமையகம் செய்வதும் அதன் செலவும் 20, பரிந்துரை 20. பரிந்துரை ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது, விட்டால் யாருக்கு, அடுத்த ஐந்தாண்டில் மூலதனம் எங்கே. 'எல்லாத் தொழிலையும் வலுப்படுத்த வேண்டும்' என்று எழுதினால் இந்த 20-இல் பூஜ்யம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவில் எழுதி வாங்கி வந்தால்?

வருவார்கள். அறிக்கையை வாங்கிக்கொண்டு ஐந்து நிமிட வாய்மொழித் தேர்வு வையுங்கள். அட்டவணையின் நகலை நீட்டி, 'காகிதப் பிரிவு உள்ளே விற்றது எவ்வளவு, வெளியே விற்றது எவ்வளவு, காட்டு' என்றால் போதும். உட்கார்ந்து கணக்குப் போட்டவர் விரல் நேராக அந்த வரிக்குப் போகும்.